ஈஃபில் கோபுரம் பார்க்கப் போகுமுன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

வரும் ஜூன் மாதம் நானும் என் அக்காவும் பாரிஸ் போகிறோம். அக்கா மகன் அங்கே வேலையில் இருக்கிறான். எங்கள் காரைக்காலில் பிரான்சோடு ஏதாவது ஓர் ஒட்டுறவு இல்லாத தெரு குறைவு என்பதால் இதில் புதுமை ஒன்றுமில்லை. புதுமை என்னவென்றால், 78 வயதில் அக்கா முதன்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டிருக்கிறாள். "தம்பி, அந்த இரும்புக் கோபுரத்து மேல ஏறிப் பார்க்கணும்." அவ்வளவுதான் அவள் கேட்டது. மற்ற இடங்களெல்லாம் என் விருப்பமாம்.

எங்கே போவதென்றாலும் போகுமுன் அந்த இடத்தின் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்வது என் பழக்கம். 32 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குப் பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையக் கை வராது. இந்த முறை அந்தக் குறிப்பு வளர்ந்து இப்படி ஒரு கட்டுரையாகிவிட்டது.

முதலில் நடைமுறைக் கேள்வி: எவ்வளவு உயரம் போவது?

கோபுரத்தில் மூன்று தளங்கள். முதல் தளம் 57 மீட்டர் உயரத்தில், இரண்டாவது சுமார் 115 மீட்டரில், உச்சித் தளம் 276 மீட்டரில். இரண்டாம் தளம் வரை படியேறிப் போகலாம், 674 படிகள். அதற்குமேல் மின்தூக்கி மட்டும்தான். சக்கர நாற்காலியில் வருபவர்களை முதல் இரண்டு தளங்களுக்கு அனுமதிக்கிறார்கள். பாதுகாப்புக் காரணத்தால் உச்சிக்கு அனுமதிப்பதில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் சக்கர நாற்காலி தேவையில்லை. மெதுவாக நடப்பாள், நடுவில் உட்கார இடம் வேண்டும். ஆகவே தரையிலிருந்தே மின்தூக்கிச் சீட்டு எடுப்பது என்று முடிவு. அதைக் கோபுரத்தின் சொந்த இணையதளத்தில் 60 நாட்களுக்கு முன்பிருந்தே எடுக்கலாம். எடுத்துவிட்டால் சீட்டு வாங்கும் வரிசை இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். காற்று பலமாக வீசினால் உச்சியை மூடிவிடுவார்கள். அதனால் பாரிஸில் இறங்கும் முதல் நாளிலேயே போகாமல், மாற்று நாளுக்கு இடம் வைத்துத் திட்டமிட வேண்டும்.

இனி வரலாறு.

பிரெஞ்சுப் புரட்சியின் நூறாம் ஆண்டு 1889. அதையொட்டிப் பாரிஸில் ஓர் உலகக் கண்காட்சி நடத்த அரசு தீர்மானித்தது. அதற்கு ஒரு நுழைவாயில் அடையாளமாக எழுந்ததுதான் இந்தக் கோபுரம். குஸ்தாவ் ஈஃபில் இதை வரைந்தார் என்றே நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். முதல் வரைபடம் அவருடையது அல்ல. 1884 ஜூன் மாதம் அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த மொரீஸ் கேக்லின், எமில் நூகியே என்ற இரண்டு பொறியாளர்கள் அதை வரைந்தார்கள். நான்கு கால்கள் கீழே அகன்று நின்று மேலே போகப்போக ஒன்று சேரும் 300 மீட்டர் இரும்புக் கம்பம். ஈஃபிலுக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் இல்லை. பிறகு சோவெஸ்தர் என்ற கட்டடக் கலைஞர் அடியில் பெரிய வளைவுகளைச் சேர்த்து, தளங்களை அமைத்து, அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தார். அதன்பின் ஈஃபில் அதைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் மூவர் பெயரிலும் காப்புரிமை பதிவானது. பின்னர் மற்ற இருவரின் உரிமையையும் ஈஃபில் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

இதில் ஈஃபிலைக் குறை சொல்வதும் சரியாகாது. 1886-இல் அரசு போட்டி அறிவித்தபோது 107 திட்டங்கள் வந்தன. அவற்றிலிருந்து இதை வெற்றி பெறச் செய்ததும், பணம் திரட்டியதும், பொறுப்பைத் தோளில் சுமந்ததும் அவர்தான். மதிப்பிட்ட செலவு 65 லட்சம் ஃபிராங்க். அரசு கொடுத்ததோ 15 லட்சம்தான். மீதியை அவர் தேட வேண்டும். பதிலுக்குக் கோபுரத்தின் வருமானத்தை 20 ஆண்டுகள் அவரே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் கோபுரம் பாரிஸ் மாநகராட்சிக்குப் போய்விடும். அவர்கள் வேண்டுமானால் பிரித்துப் போடலாம். இந்த 20 ஆண்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1887 ஜனவரி 28 அன்று வேலை தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, ஒரு பாரிஸ் நாளிதழில் கலைஞர்களின் கண்டனக் கடிதம் வெளியானது. கையெழுத்திட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பாரிஸ் ஆப்பரா மாளிகையைக் கட்டிய கார்னியே, இசையமைப்பாளர் கூனோ, எழுத்தாளர் மொப்பசான், அலெக்சாந்தர் டூமாவின் மகன் என்று பெரிய பட்டியல். இந்த இரும்பு அசிங்கம் ஊரின் அழகையே கெடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். ஈஃபில் தன் பதிலில், ஒரு பொருள் காற்றின் விசைக்குச் சரியான வடிவம் பெற்றால் அந்தச் சரிதானே அழகு என்ற பொருள்படப் பேசினார். கணக்கு வாத்தியார் என்ற முறையில் நான் ஈஃபில் பக்கம்.

ஏனென்றால் அந்த நான்கு விளிம்புகள் வளைந்து மேலே போவது பார்வைக்காக அல்ல. இவ்வளவு உயரமான பொருளுக்கு எதிரி அதன் சொந்த எடை அல்ல, காற்று. எந்த உயரத்தில் வேண்டுமானாலும் கோபுரத்தைக் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெட்டுக்கு மேலே உள்ள பகுதியைத் தள்ளும் காற்றின் மொத்த விசை ஒரு புள்ளி வழியாகப் போகும். வெட்டிய இடத்தில் இரண்டு கால்களுக்கும் தொடுகோடு வரைந்தால் அவை அந்தப் புள்ளியில் சந்திக்கும்படி விளிம்பை வளைத்தார்கள். அப்படிச் செய்தால் காற்றின் தள்ளலைக் கால்கள் நேராக அடித்தளத்துக்குக் கடத்திவிடும்; நடுவில் குறுக்கு இரும்பு அடைக்க வேண்டிய அவசியம் குறையும். பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் போட்ட தொடுகோடுதான். அடியிலுள்ள பெரிய வளைவுகள் மட்டும் பெரும்பாலும் அலங்காரம். பார்ப்பவர்களுக்குப் பயம் வராமல் இருக்க அவையும் உதவின.

மொத்தம் 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் கடாவு ஆணிகள். துண்டுகளை லெவல்லுவா-பெர்ரே என்ற பாரிஸ் புறநகரில் இருந்த ஈஃபிலின் பட்டறையில் துல்லியமாக வெட்டித் துளையிட்டுக் கொண்டுவந்தார்கள். ஆணிகளில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டுமிடத்தில் அடித்தது. மீதி பட்டறையிலேயே முடிந்தது. ஓர் ஆணிக்கு நான்கு ஆட்கள். ஒருவர் உலையில் காய்ச்சுவார், ஒருவர் துளையில் செருகிப் பிடிப்பார், ஒருவர் மறுபுறம் தலையை உருவாக்குவார், ஒருவர் சம்மட்டியால் அடித்து முடிப்பார். சூடு ஆறும்போது ஆணி சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். நான்கு சாய்ந்த கால்களும் முதல் தளத்தில் ஒன்றோடொன்று சரியாகச் சேர வேண்டுமே? அதற்காகக் கால்களின் அடியில் நீர்விசைத் தூக்கிகளையும், முட்டுகளில் மணல் பெட்டிகளையும் வைத்திருந்தார்கள். மணலைக் கொஞ்சம் வெளியே விட்டால் கால் இறங்கும், தூக்கியை இயக்கினால் ஏறும். மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்து சேர்த்தார்கள்.

1888-இல் தொழிலாளர்கள் இரண்டு முறை வேலைநிறுத்தம் செய்ததையும் சொல்ல வேண்டும். உயரம் ஏற ஏற ஆபத்து கூடுகிறது, கூலியும் கூட வேண்டும் என்றார்கள். 40 மீட்டரிலிருந்து விழுந்தாலும் 300 மீட்டரிலிருந்து விழுந்தாலும் ஒன்றுதான் என்பது ஈஃபிலின் வாதம். முதல் முறை கூலி கொஞ்சம் கூடியது. இரண்டாம் முறை கண்டிப்பு காட்டினார். 1889 மார்ச் 31 அன்று வேலை முடிந்தது. இரண்டு வருடம், இரண்டு மாதம், சில நாட்கள்.

மே மாதம் பொதுமக்களுக்குத் திறந்தபோது மின்தூக்கிகள் தயாராகவில்லை. மக்கள் 1,710 படிகளையும் காலால் ஏறினார்கள். ஆறு மாதக் கண்காட்சியில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்தார்கள். செலவில் பெரும்பகுதி அப்போதே திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிக் கொஞ்சம்.

இதையெல்லாம் ஒரு மாலை அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இரும்பின் எடை 7,300 டன், அடித்தளம் பக்கத்துக்கு 125 மீட்டர் சதுரம் என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இரும்பு ஒரு கன மீட்டர் எத்தனை டன்?" என்றாள். எட்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "அப்ப அந்த இரும்பையெல்லாம் உருக்கி அதே சதுரத்துல ஊத்தினா எவ்வளவு உசரம் நிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவளே கணக்குப் போட ஆரம்பித்தாள். "நூத்து இருபத்தஞ்சு வர்க்கம்: பன்னிரண்டு பதிமூணு நூத்தம்பத்தாறு, பக்கத்துல இருபத்தஞ்சு. பதினஞ்சாயிரத்து அறுநூத்து இருபத்தஞ்சு. பதினாறாயிரம்னு வை. இரும்பு தொள்ளாயிரத்துச் சொச்சம், ஆயிரம்னு வை. பதினாறுல ஒண்ணு. மீட்டர்ல ஒரு வீசம். இரும்பை ஏத்தி வச்சிருக்கோம், அதனால வீசத்துக்குச் சித்த குறையும். மூணு விரக்கடை."

நான் கைபேசியில் போட்டுப் பார்த்தேன். 6 சென்டிமீட்டர். 300 மீட்டர் கோபுரத்தை உருக்கினால் மூன்று விரல் கனம்தான் வரும். அவ்வளவு சிக்கனமான கட்டுமானம் அது.

வீசம், மாகாணி, அரைக்கால், காணி எல்லாம் அவள் அப்பாவின் மளிகைக் கடையில் கற்றது. எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். 1962-இல் எட்டாம் வகுப்பு முடித்தாள், கணக்கில் வகுப்பிலேயே முதல். அதோடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகும்வரை ஆறு வருடம் கடைப் பேரேட்டை அவள்தான் எழுதினாள். கணக்கு அவளுடையது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து அப்பாவுடையது. வருமான வரிக்காகப் பார்க்க வந்த கணக்கர், அப்பாவின் கணக்கு சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இனிக் கோபுரத்தின் எழுத்துகளுக்கு வருகிறேன்.

முதல் தளத்தின் விளிம்புக்குக் கீழே, நாலு பக்கமும் சேர்த்து 72 பெயர்கள் இருக்கின்றன. பக்கத்துக்கு 18. எழுத்து ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம். பிரெஞ்சு விஞ்ஞானிகள், பொறியாளர்கள், தொழிலதிபர்களின் பெயர்கள். கலைஞர்கள் எதிர்த்தபோது அறிவியலைத் துணைக்கு அழைப்பதுபோல் ஈஃபில் இவற்றைத் தேர்ந்தெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாயம் பூசியபோது இவை மறைந்துபோயின; 1986-87-இல் மீட்டெடுத்தார்கள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பெயர்களில் பாதி அங்கே இருக்கிறது. லாக்ராஞ்ச், லாப்லாஸ், லெஜாண்டர், கோஷி, பாய்சான், ஃபூரியே, ஆம்பியர், கூலும், லவாய்சியே.

72-இல் ஒரு பெண்கூட இல்லை.

இருந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சோஃபி ஜெர்மேன். 1776 ஏப்ரல் 1 அன்று பாரிஸில் பிறந்தவர். பட்டு வியாபாரியின் மகள். புரட்சி வெடித்த 1789-இல் அவருக்கு வயது 13. வெளியே போக முடியாமல் அப்பாவின் புத்தக அறையில் அடைந்து கிடந்தபோது ஆர்க்கிமிடீஸ் இறந்த கதையைப் படித்தார். எதிரி வீரன் வாளோடு நிற்கும்போதும் ஒரு மனிதனைக் கணக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது என்றால் அது என்ன என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ராத்திரியில் கணக்குப் படித்தார். பெற்றோர் தடுத்தார்கள். மெழுகுவத்தியை எடுத்தார்கள், குளிர்காலத்தில் கணப்பை அணைத்தார்கள், கதகதப்பான உடையைக்கூட எடுத்துவைத்தார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒளித்துவைத்த மெழுகுவத்தியில் படித்தார். கடைசியில் பெற்றோர்தான் விட்டுக்கொடுத்தார்கள்.

பாரிஸில் எக்கோல் பொலிடெக்னிக் 1794-இல் தொடங்கியது. பெண்களுக்கு இடமில்லை. லெப்லான் என்ற ஆண் மாணவரின் பெயரில் பாடக் குறிப்புகளைப் பெற்று, அதே பெயரில் கட்டுரை எழுதி லாக்ராஞ்சுக்கு அனுப்பினார். எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று லாக்ராஞ்ச் தேடியபோதுதான் பெண் என்பது தெரிந்தது. ஜெர்மனியின் காஸுக்கும் அதே பெயரில்தான் கடிதம் எழுதினார். 1806-இல் நெப்போலியனின் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தபோது, ஆர்க்கிமிடீஸுக்கு நேர்ந்தது காஸுக்கும் நேர்ந்துவிடக் கூடாதே என்று தனக்குத் தெரிந்த தளபதியிடம் சொல்லி அவரைப் பாதுகாக்கச் செய்தார். அதனால் காஸுக்கும் உண்மை தெரிந்தது. காஸ் அவரை மனதாரப் பாராட்டி எழுதினார்.

அதிரும் தகடுகளின்மேல் மணலைத் தூவினால் கோலம் விழும். அது ஏன் என்று கணிதத்தால் விளக்கச் சொல்லிப் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு பரிசை அறிவித்தது. சோஃபி மூன்று முறை முயன்றார். 1811-இல் போட்டிக்கு வந்ததே அவருடைய கட்டுரை ஒன்றுதான். பிழை இருந்ததால் பரிசு இல்லை. லாக்ராஞ்ச் அதிலிருந்த சமன்பாட்டைத் திருத்தினார். 1813-இல் பாராட்டு மட்டும் கிடைத்தது. 1816 ஜனவரியில் பரிசு கிடைத்தது. அந்தக் கழகத்தின் பரிசை வென்ற முதல் பெண் அவர். பரிசளிப்புக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் அவர் போட்ட அடியும் பெரியது. 2, 3, 5, 11, 23 போன்ற பகா எண்களை இரட்டித்து ஒன்று கூட்டினாலும் பகா எண்ணே வரும். இவற்றை இன்றும் சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் என்றுதான் சொல்கிறோம்.

1831-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இறப்புப் பதிவில் தொழில் என்ற இடத்தில் கணித அறிஞர் என்று எழுதவில்லை; சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று எழுதினார்கள்.

அவருடைய கட்டுரையைத் தீர்ப்புச் செய்த குழுவில் இருந்த லாக்ராஞ்ச், லாப்லாஸ், லெஜாண்டர் மூவரின் பெயரும் கோபுரத்தில் இருக்கின்றன, அதுவும் ஒரே பக்கத்தில், ஆற்றைத் தாண்டி த்ரொக்காதெரோவைப் பார்த்த முகத்தில். பெயர் நீளமாக இருந்தால் இடம் போதாது என்பதால் 12 எழுத்துக்கு மேற்பட்ட பெயர்களைச் சேர்க்கவில்லை. ஜெர்மேன் என்பது பிரெஞ்சில் ஏழு எழுத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. "சோஃபியின் கணிதம் இல்லாவிட்டால் ஈஃபில் கோபுரமே நின்றிருக்காது" என்று பகிரப்படும் பதிவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. சோஃபி ஆராய்ந்தது வளையும் தகடுகளின் அதிர்வை. கோபுரம் தகடு அல்ல, சட்டங்களைப் பின்னிய கூடு. அதைக் கேக்லின் கணக்கிட்டது விசைகளைக் கோடுகளாக வரைந்து தீர்க்கும் வரைபட முறையில். சூரிச்சில் குல்மான் என்ற பேராசிரியரிடம் அவர் கற்ற முறை அது. சோஃபியின் கொள்கையில் குறைகளும் இருந்தன. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

அப்படியானால் அவர் பெயர் இல்லாதது நியாயம்தானே என்று கேட்பீர்கள். அங்கேதான் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். அதில் வானியலாளர் உண்டு, மருத்துவர் உண்டு, புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் உண்டு. கோபுரம் நிற்பதற்கு உதவியவர்கள் என்பது அளவுகோலே அல்ல. பிரெஞ்சு அறிவியலுக்குப் பெருமை சேர்த்தவர்கள் என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலில் சோஃபி தாராளமாகத் தேறுவார். ஒருவருக்கு இல்லாத புகழைச் சேர்த்துத்தான் அவருக்கு நியாயம் கேட்க வேண்டும் என்பதில்லை. இருப்பதைச் சொன்னாலே போதும்.

பாரிஸ் மாநகராட்சி இப்போது அதைத்தான் செய்ய முனைகிறது. 72 பெண் அறிவியலாளர்களின் பெயர்களையும் கோபுரத்தில் சேர்க்கும் திட்டத்தை 2025-இல் அறிவித்தார்கள்.

அந்த 20 ஆண்டுக் கணக்கை இப்போது முடித்துவிடுகிறேன். 1909-இல் உரிமம் முடிந்தால் கோபுரத்தைப் பிரித்துவிடலாம் என்பது ஈஃபிலுக்கு முதலிலிருந்தே தெரியும். அழகு என்று சொல்லிக் காப்பாற்ற முடியாது, பயன் என்று சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும். உச்சியில் வானிலைக் கருவிகளை வைத்தார். பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் 1893-இல் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் தொழிலிலிருந்து விலகி முழுநேரமும் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். இரண்டாம் தளத்திலிருந்து பொருட்களை விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1909-இல் கோபுரத்தின் காலடியிலேயே காற்றுச் சுரங்கம் அமைத்தார்.

உண்மையில் கோபுரத்தைக் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. 1898 நவம்பரில் துக்ரெத்தே என்பவர் கோபுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இருந்த பாந்தியோனுக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். 1903 முதல் ஃபெரியே என்ற இராணுவ அதிகாரி அங்கே வானொலிச் சோதனைகள் நடத்த ஈஃபில் தன் செலவிலேயே உதவினார். இராணுவத்துக்குக் கோபுரம் தேவை என்றான பிறகு யார் பிரிப்பார்கள்? 1910 ஜனவரி 1 முதல் உரிமத்தை 70 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 1914-இல் மார்ன் போரின்போது ஜெர்மானியரின் வானொலிச் செய்திகளை இடைமறித்தது இந்தக் கோபுரத்து நிலையம்தான்.

எனக்குப் பிடித்த இன்னொரு நிகழ்ச்சி. 1910-இல் தியோடோர் வுல்ஃப் என்ற இயேசு சபைத் துறவி தான் வடிவமைத்த மின்னேற்ற மானியோடு உச்சிக்குப் போனார். அவர் இயற்பியல் ஆசிரியர். கதிர்வீச்சு மண்ணிலிருந்து மட்டும் வருவதாக இருந்தால் 300 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய மறைந்துபோக வேண்டும். மறையவில்லை, பாதிக்கு மேலேயே மிஞ்சியது. வேறு எங்கிருந்தோ வருகிறது என்ற சந்தேகம் வலுத்தது. இரண்டு வருடம் கழித்து விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி அது வானத்திலிருந்து வருகிறது என்று காட்டினார். காஸ்மிக் கதிர். 1936-இல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு. ஓர் ஆசிரியர் கையில் பெட்டியோடு கோபுரம் ஏறியது அதற்கு முந்தைய படி.

எங்கள் திட்டம் இதுதான். போகிறவர்களுக்கு உதவும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

முதல் நாள் கோபுரத்தில் ஏறுவதில்லை. மாலையில் த்ரொக்காதெரோ மேட்டிலிருந்து முழு உருவத்தையும் பார்ப்பது. பிறகு பாலத்தைக் கடந்து வந்து அந்த முகத்தின் பெயர்களைப் படிப்பது. சின்னத் தொலைநோக்கி ஒன்று கொண்டுபோகிறோம். ஜூனில் அங்கே இரவு பத்து மணி வாக்கில்தான் இருட்டும். விளக்குகள் மினுங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் மதியம் தூங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மின்தூக்கியில் உச்சி வரை. உச்சி மூடியிருந்தால் இரண்டாம் தளம் போதும். இரண்டாம் தளத்தில்தான் ஊரின் கட்டடங்கள் அடையாளம் தெரியும் என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஜூனானாலும் மேலே குளிர்காற்று இருக்கும், சால்வை அவசியம்.

மூன்றாம் நாள் சேன் நதியின் தென்கரையில் சவுவா தெரு, 13-ஆம் எண் வீடு. சோஃபி ஜெர்மேன் இறந்த வீடு. சுவரில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, வரிசை இல்லை, படிகள் இல்லை.

சோஃபியின் கதையை அக்காவுக்குச் சொன்னபோது அவள் பரிசைப் பற்றியோ கோபுரத்தில் பெயர் இல்லாததைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணோட அப்பா அதுக்கப்புறம் படிக்க விட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். விட்டார், கடைசிவரை செலவுக்கும் கொடுத்தார், சோஃபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாழ்நாள் முழுக்கக் கணக்குதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த வீட்டையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். மூன்றாம் நாள் திட்டம் அப்படிச் சேர்ந்ததுதான்.

பாரிஸில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தெருவில் வயதானவர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கப் பக்கத்தில் ஏதாவது கடை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அக்காவுக்குப் பால் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும்.